மதிலோடு முடியாத வீடு: மட்டக்களப்பில் பிளான் கீற வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் வீட்டுப் பிளான் கீறிக் கொடுப்பது என் தொழில். வருபவர்கள் அறை எத்தனை, மேல்மாடி எப்போது என்று தொடங்குவார்கள். நான் கிணறு எங்கே இருக்கிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்து வளவு மேடா பள்ளமா என்று கேட்பேன். அப்புறம் அவர்கள் என்னைக் கேள்வி கேட்பார்கள். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளும் சிலவேளை வந்து கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வீடு கட்டத்தானே வந்தோம், ஏன் வாவியைப் பற்றிக் கதைக்கிறீர்கள்?

உங்கள் வளவு வாவியின் ஒரு பகுதி என்பதால்.

எங்கள் ஊரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கிழக்கே கடல். அடுத்து ஒடுங்கிய மணல் திட்டு, அதுதான் எழுவான்கரை. பிறகு ஏறாவூர்ப் பக்கம் தொடங்கிக் கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி. அதற்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயர் வைத்தவர்கள் நடுவில் வாவியை வைத்தே ஊரை எண்ணியிருக்கிறார்கள். பழைய நகரமான புளியந்தீவு வாவிக்குள்ளேயே கிடக்கிறது.

மேற்கே பெய்யும் மழை உறுகாமம், உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களில் தங்கி, வயல்களில் இறங்கி, வாவிக்கு வந்து, பாலமீன்மடுவிலோ கல்லாற்றிலோ முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. கல்லடியிலோ காத்தான்குடியிலோ நாவற்குடாவிலோ நீங்கள் வாங்கிய 10 பேர்ச் காணி அந்தப் பயணத்தின் கடைசிப் படியில் இருக்கிறது. மேலே யார் என்ன செய்தாலும் உங்கள் முற்றத்தில் தெரியும். நீங்கள் செய்வது வாவியில் தெரியும்.

கட்டடக்கலைக் கோட்பாடு என்கிறார்களே, அது பெரிய கட்டடங்களுக்குத்தானே?

இல்லை. ஒன்றைக் கட்டும்போது எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும், எதை விடலாம் என்பதில் நாம் வைத்திருக்கும் நம்பிக்கைதான் கோட்பாடு. "காணி எல்லைக்குள்ளே நான் என்னவும் செய்வேன்" என்பதும் ஒரு கோட்பாடுதான். எங்கள் ஊரில் அதிகம் பேர் பின்பற்றுவது அதைத்தான். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.

நகரத்தையும் இயற்கையையும் சேர்த்துப் பார்க்கும் எண்ணம் யாருடையது?

ஒரே ஆளுடையது அல்ல. நான் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது பேட்ரிக் கெடிஸ் என்பவரைப் பற்றி. 1854இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர், உயிரியல் படித்தவர். செடி கொடிகளைப் பார்த்த கண்ணால் நகரத்தைப் பார்த்தார். மலையிலிருந்து கடல்வரை ஒரு ஆற்றுப் பள்ளத்தாக்கை நீளவாக்கில் வெட்டிக் கீறி, மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவன், வேடன், அடுத்து இடையன், உழவன், கடைசியில் மீனவன் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய தொழிலை அதில் எழுதினார். நகரம் என்பது இந்த நிலங்களும் தொழில்களும் சேர்ந்து விளைந்தது. பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்காமல் நகரத்தைத் திட்டமிட முடியாது என்பது அவர் வாதம். 1914இல் இந்தியாவுக்கு வந்து மதுரை, தஞ்சாவூர் உட்பட எத்தனையோ ஊர்களுக்கு அறிக்கை எழுதினார். கொழும்புக்கு 1921இல் திட்டம் கொடுத்ததும் அவர்தான். நெரிசலான பழைய தெருக்களை இடித்து நேர்வீதி போடுவதை அவர் விரும்பவில்லை. எங்கே ஒரு சிறு முற்றத்தைத் திறந்துவிட்டால் காற்று வரும், எந்த மரத்தையும் குளத்தையும் காப்பாற்றலாம் என்று நடந்து நடந்து பார்த்தார்.

அவருக்குப் பின்னால் இயன் மக்ஹார்க். 1969இல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்காவில் திட்டமிடல் படிப்பையே மாற்றியது. வழி மிக எளிமையானது. ஒரு தாளில் மண், இன்னொன்றில் வெள்ளம் நிற்கும் இடம், இன்னொன்றில் காடு என்று ஊடுதெரியும் தாள்களில் தனித்தனியாகக் கீறி, ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார். எங்கே கட்டக்கூடாது என்று தாளே சொல்லும். இன்று கணினியில் செய்யும் வரைபட அடுக்குகளுக்கெல்லாம் முன்னோடி அதுதான். நான் இன்னமும் ட்ரேசிங் தாளில் செய்கிறேன். வீட்டுக்காரர் கண் முன்னால் தாளை வைத்தால் வாதம் குறைகிறது.

இது எங்கள் ஐந்திணை போல இருக்கிறதே?

கெடிஸின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று மேலிருந்து கீழே இறங்கினால் அதே படம். நிலம், பொழுது, மரம், பறவை, தொழில், தெய்வம் எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் வைத்து மனிதரின் வாழ்வைச் சொன்னது எங்கள் இலக்கணம். ஆனால் திணை என்பது கவிதைக்கான ஒழுங்கு. அதை அப்படியே எடுத்து நகரத்திட்டம் என்று சொல்வது சரியில்லை. கெடிஸ் அதிலிருந்து எடுத்தார் என்று சொல்வதற்கும் ஆதாரம் கிடையாது. எனக்கு அதில் பயன்படுவது ஒரு பழக்கம்தான்: இடத்தைச் சொல்லாமல் வாழ்வைச் சொல்லாதே என்பது. மட்டக்களப்பில் நெய்தலும் மருதமும் வாவியின் இரு கரையில் நேருக்கு நேர் நிற்கின்றன. காலையில் படுவான்கரை வயலுக்குப் போய்விட்டு மாலையில் வலை வீசுகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு திணையில் வாழும்போது வீட்டில் நெல் மூட்டைக்கும் வலைக்கும் இடம் வேண்டும். பிளானில் அதை யாரும் கேட்பதில்லை, நான்தான் கேட்கிறேன்.

நகரத்துக்கும் வயிறு இருக்கிறது என்று சொல்வீர்களாம். என்ன அர்த்தம்?

ஏபல் வோல்மன் என்ற நீர்ப் பொறியியலாளர் 1965இல் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்காவில் 10 இலட்சம் பேர் வாழும் ஒரு நகரத்தைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கு ஒரு நாளில் என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று எழுதினார். தண்ணீர் 625,000 தொன், உணவு 2,000 தொன் உள்ளே. கழிவுநீர் 500,000 தொன், குப்பை 2,000 தொன் வெளியே. அதுவரை நகரத்தை வீதியாகவும் கட்டடமாகவும் பார்த்தவர்களுக்கு அது தின்று கழிக்கும் ஓர் உடம்பாகத் தெரிந்தது.

எங்கள் ஊரை அப்படிப் பாருங்கள். குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகிறது. உங்கள் சுவரில் இருக்கும் மணல் ஏதோ ஓர் ஆற்றின் அடியில் கிடந்தது. ஆறு ஆழமானால் கரை இடியும், பக்கத்துக் கிணறு வற்றும். அத்திவாரத்துக்குப் போட்ட கிறவல் (சரளை மண்) படுவான்கரையில் ஒரு மேடாக இருந்தது. ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினால் அதற்குள் மேய்ச்சல் தரை இருக்கிறது, சட்டி வனைந்த களி இருக்கிறது, சூளைக்கு எரித்த விறகு இருக்கிறது. மேய்ச்சல் தரை போனால் தயிர்க்கடை போகும். அதனால் மேய்ச்சல் தரைக்காக மாட்டுக்காரர் போராடுவது நகரத்தாருக்கும் உரிய விஷயம்.

வெளியே போவதைச் சொல்ல மனம் கனக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. ஊரில் நாம் முடிச்சுப் போட்டு வெளியே வைத்த பைதான் அங்கே யானையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அடுக்களைக் கழிவைப் புதைக்கவோ உரமாக்கவோ 6 அடிக்கு 4 அடி இடத்தை எல்லாப் பிளானிலும் நான் கீறுவது அந்தச் செய்திக்குப் பிறகுதான். சிலர் அதை அழித்துவிட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கேட்கிறார்கள். நான் விடுவதில்லை.

மகளுக்குச் சீதன வீடு கட்ட வேண்டும். இருக்கிற வளவைப் பிரித்துக் கட்டலாமா?

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில், தமிழர் முஸ்லிம் இரு சாராரிடமும், வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். அக்கா தங்கைமார் அருகருகே இருக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் பெரியம்மா சின்னம்மா எட்டிக் கூப்பிடும் தூரத்தில். ஆனால் தாய்க்கு 40 பேர்ச் வளவு, மூன்று மகள்மார் என்றால் ஒரு தலைமுறையில் அது தாய்க்கும் சேர்த்து நாலு துண்டு, ஆளுக்கு 10 பேர்ச். அடுத்த தலைமுறையில் 5. எழுவான்கரை மணல் திட்டில் புதிய காணி கிடையாது. ஊர் இவ்வளவு நெருக்கமானதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

இப்போது கிணற்றைப் பாருங்கள். மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே நன்னீர் ஒரு மெல்லிய வில்லை போல மிதக்கிறது. உப்புநீர் சற்றுக் கனம், அதனால்தான் மிதக்கிறது. கணக்கின்படி நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் உப்பு அடியிலிருந்து 40 அடி மேலே ஏறப் பார்க்கும். மோட்டர் போட்டு இறைத்துக்கொண்டே இருக்கும் கிணறு கடுத்துப் போவது இதனால்தான். அதே மெல்லிய மணலுக்குள்தான் எல்லா வீட்டு மலசலகூடக் குழியும் இருக்கிறது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி, அதாவது 15 மீற்றர் விடச் சொல்கிறோம். 10 பேர்ச் என்பது 253 சதுர மீற்றர். சதுரமான காணி என்றால் ஒரு பக்கம் 16 மீற்றர் வரும். உங்கள் குழிக்கும் உங்கள் கிணற்றுக்கும் 15 மீற்றர் விட்டீர்கள் என்றாலும் பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் குழியோடு ஒட்டிக்கொள்ளும். தனித்தனிக் காணியாக இதைத் தீர்க்கவே முடியாது.

ஒரு அம்மா மூன்று மகள்மாரோடு வந்தார். "மனே, மூண்டு வீடும் ஒரே மாதிரிக் கீறித் தா, சண்டை வராது" என்றார். வீடுகளை ஒரே மாதிரிக் கீறினேன். ஆனால் கிணறு ஒன்று, பொதுவாக, தாய் வீட்டுப் பக்கம். குழிகள் மூன்றையும் ஒரே கோட்டில், நிலத்தடி நீர் வாவிப் பக்கம் நகரும் திசையில், மறுகோடியில் வைத்தேன். நடுவில் மதில் இல்லை, மணல் முற்றம் ஒன்று. மதில் வேண்டும் என்று மருமகன்மார் இரண்டு மாதம் வாதாடினார்கள். கடைசியில் அம்மா சொன்ன சொல்தான் நின்றது. வளவு பிரிந்தாலும் கிணறும் முற்றமும் பிரியாமல் இருப்பதற்குக் காணி உறுதி எழுதும்போதே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

காணி பள்ளம். கிறவல் போட்டு உயர்த்தினால் போதுமா?

உங்களுக்குப் போதும். பக்கத்து வீட்டுக்குப் போதாது.

10 பேர்ச் காணியை 2 அடி உயர்த்த ஏறத்தாழ 54 கியூப் கிறவல் வேண்டும் (ஒரு கியூப் 100 கன அடி). 3 கியூப் ஏற்றும் டிப்பரில் 18 நடை. இறுக்கும்போது இன்னும் கேட்கும். அந்த இரண்டு அடியில் முன்பு நின்ற தண்ணீர் ஒன்றரை இலட்சம் லீற்றர். அது மறைந்துவிடாது, மதில் தாண்டிப் போய் நிற்கும். அவர் அடுத்த வருடம் இரண்டரை அடி உயர்த்துவார். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனையோ இடங்களில் தண்ணீருக்கு அவசரம் இருந்தது, வழிதான் இருக்கவில்லை.

நான் சொல்வது: வீடு நிற்கும் இடத்தில் மட்டும் அத்திவாரத்தை உயர்த்துங்கள், வளவை விடுங்கள். பழைய வீடுகளில் படியேறி விறாந்தைக்குப் போவோமே, அந்தப் படிகள் வீண் அலங்காரம் இல்லை. வாவியோரத் தாழ்நிலமாக இருந்து, பன் புல் முளைத்திருந்தால் அந்தக் காணியை வாங்காதீர்கள். விலை குறைவு என்பார்கள். பன் முளைத்த இடம் தண்ணீரின் இடம்.

மழைத்தண்ணீரைச் சேமிக்கச் சொல்கிறீர்கள். அவ்வளவு தண்ணீரா வருகிறது?

1,000 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 9,000 லீற்றருக்கு மேல் வரும். மாரியில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்வதை நாம் பார்த்திருக்கிறோம். முற்றம் முழுக்கச் சீமெந்துக் கல் பதித்தால் அது அப்படியே வீதி வடிகானுக்கு, அங்கிருந்து வாவிக்கு, வழியில் உள்ள எண்ணெய், பிளாஸ்டிக் எல்லாவற்றோடும். மணலாக விட்டால் உங்கள் கிணற்றுக்கு. சீனாவில் கடற்பஞ்சு நகரம் என்ற பெயரில் ஊர் ஊராக இப்போது செய்வது, மழையை ஓடவிடாமல் நிலத்தில் உறிஞ்ச வைப்பதைத்தான். எங்கள் நிலமே மணல், எங்களுக்கு மூடாமல் விட்டாலே போதும்.

முகத்துவாரத்தை எப்போது வெட்ட வேண்டும்? ஏன் ஒவ்வொரு வருடமும் இழுபறி?

மாரியில் வாவி நிறையும்போது கடல் மணல் முகத்துவாரத்தை அடைத்திருந்தால் வெள்ளம் ஊருக்குள்ளும் வயலுக்குள்ளும் ஏறும். வெட்டிவிட்டால் இறங்கும். வயல்காரர் பயிர் அழுகுமுன் வெட்டு என்பார். வாவி மீனவருக்கு வேறு கணக்கு: வெட்டும் நேரம் பிழைத்தால் இறால் கடலோடு போய்விடும், நீர் மட்டமும் உப்பும் மாறும். தாழ்நிலத்தில் வீடு கட்டியவர் எல்லோருக்கும் முன்னால் வெட்டச் சொல்வார். இந்த மூன்றாவது குரல்தான் புதியது, அதுதான் இப்போது சத்தமாகவும் கேட்கிறது. நான் கீறிய சில வீடுகளும் அந்தக் குரலோடு சேர்ந்திருக்கின்றன என்பது எனக்குத் தெரியும், அது எனக்கு வருத்தம்தான். பள்ளத்தில் ஒரு வீட்டுக்கு அனுமதி கொடுத்தால் இறாலின் காலத்தையும் சேர்த்து மாற்றுகிறோம். கட்டடக்கலைக்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கும் மாணவருக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

அம்பாறைக்கும் இதெல்லாம் பொருந்துமா? அங்கே வாவி இல்லையே.

அம்பாறை மாவட்டத்துக் கல்முனைப் பக்கத்தில் வாவியின் தென்முனை இருக்கிறது. அம்பாறை நகரத்தின் கதை வேறு, இன்னும் சுவையானது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்து சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கினார்கள். அந்தத் திட்டத்தின் நிர்வாக நகரமாகத்தான் அம்பாறை வளர்ந்தது. 1961இல் தனி மாவட்டமும் ஆனது. மேலே ஓர் அணை, அதனால் கீழே ஒரு நகரம். மக்கள் குடியேற்றம், எல்லைகள், வயல், யானைப் பாதை எல்லாம் அந்த ஒரு அணையோடு மாறின. ஆற்றைத் தொட்டால் ஊரின் அரசியலும் மாறும் என்பதற்கு இலங்கையில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியாது.

வாவிக்கரையில் கண்டல் நட்டால் எல்லாம் சரியாகுமா?

சரியான இடத்தில், சரியான மரம் என்றால் உதவும். கண்டல் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன, கரையும் பிடிபடுகிறது. ஆனால் சுனாமிக்குப் பின் இலங்கைக் கரையெங்கும் நட்டதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பிழைத்தது. எப்போதும் நீர் நிற்கும் சேற்றில், அந்த இடத்துக்கு உரியதல்லாத இனத்தைக் கொண்டுபோய்க் குத்தினார்கள். கண்டல் தானாக வராத இடத்தில் ஏன் வரவில்லை என்று முதலில் கேளுங்கள். பல இடத்தில் நீரோட்டத்தை மறித்த மண்ணை எடுத்துவிட்டாலே கண்ணா, தில்லை போன்ற கண்டல் மரங்கள் தாமாக வரும். தில்லையை வெட்டப் போனால் கவனம், பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

சுனாமிக்குப் பிறகு கடலிலிருந்து தள்ளிக் கட்டச் சொன்னார்களே, அந்த விதி போதாதா?

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றர் என்று ஒரு கோடு போட்டார்கள், பின்னர் தளர்த்தினார்கள். கோடு கடலைப் பார்த்துப் போடப்பட்டது. எழுவான்கரையில் முதுகுப் பக்கம் வாவி இருக்கிறது என்பதை ஒரு நேர்கோடு சொல்லாது. நாவலடி போன்ற ஒடுங்கிய மணல் நாக்கில் இரண்டு பக்கமும் நீர்தான். அங்கிருந்து பலர் திராய்மடுவுக்குப் போனார்கள். உயிர் பெரிது, அதில் வாதமில்லை. ஆனால் தோணியும் வலையும் ஒரு இடத்தில், வீடு இன்னொரு இடத்தில் என்றால் அந்தத் தூரத்தையும் பிளானில் கீற வேண்டும்: வலை உலர்த்த இடம், கரைக்குப் போகும் பாதை, கரையில் எஞ்சின் வைக்க ஒரு கொட்டில்.

அப்போது பழைய மண் வீட்டுக்கும் கிடுகுக் கூரைக்கும் திரும்பச் சொல்கிறீர்களா?

இல்லை. 1978 சூறாவளியைக் கண்டவர்களிடம் போய் கிடுகுக் கூரையைப் புகழ எனக்கு வாய் வராது. இலங்கைக் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1958இல் கண்டி வட்டப்புலுவையில் வீடமைப்புத் திட்டம் செய்தபோது, குடியேறப் போகிற அரச ஊழியர்களிடம் எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார். பிறகு கொங்கிறீற்றும் பயன்படுத்தினார், உள்ளூர்க் கைவேலையும் பயன்படுத்தினார். எனக்கு வழி அதுதான். பழைய வீட்டில் எடுக்க வேண்டியது நீண்ட இறவாணம், உயர்ந்த தளம், காற்று ஊடறுக்கும் வாசல், மணல் முற்றம், வளவில் ஒரு வேம்பு. கூரை ஓடாகவும் இருக்கலாம், நன்றாகக் கட்டிய பலகையின் மேல் தகரமாகவும் இருக்கலாம்.

சரி, பிளான் கீற வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

உறுதி, நில அளவைப் படம் கட்டாயம். அதோடு கோடையிலும் மாரியிலும் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்து வாருங்கள். பக்கத்து நான்கு வீட்டுக் குழிகள் எங்கே என்று கேட்டு ஒரு தாளில் கீறுங்கள். அந்தச் சாக்கில் அயலாரோடு கதைத்ததாகவும் இருக்கும். வளவில் உள்ள மரங்களின் பெயர், எந்த மூலை என்று எழுதுங்கள். வெட்டத் தீர்மானித்துவிட்டு வராதீர்கள், பார்த்துத் தீர்மானிப்போம். கார்த்திகை, மார்கழி மழையில் ஒரு நாள் குடையோடு வளவைச் சுற்றி நடந்து, தண்ணீர் எந்த மூலையால் உள்ளே வருகிறது, எந்த மூலையால் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். நின்ற மட்டத்தை மரத்திலோ வேலிக் கட்டையிலோ கரியால் ஒரு கோடு போட்டு, போனில் படமெடுத்து அனுப்புங்கள். அந்தக் கோட்டிலிருந்து நான் கீறத் தொடங்குவேன்.